மருத்துவரின் விரல்களுக்குப் பாடம் சொன்னவர்கள்



நள்ளிரவில் பிள்ளை வயிற்றுவலியால் துடிக்கிறது. விடிந்ததும் விடியாததுமாகத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அங்கே இளம் மருத்துவர் ஒருவர் பிள்ளையைப் படுக்கவைத்து, வயிற்றை விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்கிறார். தொப்புளுக்கும் வலப்பக்க இடுப்பெலும்புக்கும் இடையே ஓரிடத்தில் விரல் நிற்கிறது. பிள்ளை வீறிட்டு அழுகிறது. "குடல்வால் வீக்கமாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது" என்கிறார் அவர். தோலுக்கும் தசைக்கும் அடியில், புழுவைப்போல் ஒளிந்து கிடக்கும் ஒரு சிறு உறுப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்த விரல்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதே.

மனித உடலின் உள்ளமைப்பைக் கற்கும் பாடத்திற்கு உடற்கூற்றியல் என்று பெயர். மருத்துவம் பயிலப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கும் பாடம் இது. பல தலைமுறைகளாக இப்பாடம் இறந்தவரின் உடலருகே நின்று, தொட்டுப் பார்த்துக் கற்கப்பட்டு வந்தது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா தொற்று உலகைப் பூட்டியபோது, அதே பாடம் கணினித் திரைக்கும் கைப்பேசிக்கும் மாறியது. அப்போது எழுந்த கேள்வி இன்றும் பேசப்படுகிறது. உடலைத் தொடாமல் உடலைக் கற்க முடியுமா? இதற்கு விடை தேடுவதற்கு முன், மனிதன் தன் உடலை எப்படிக் கற்றான் என்ற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பழங்கால இந்தியாவின் அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்கிதை, உடலைக் கற்கும் முறை ஒன்றைக் கூறுகிறது. இறந்தவரின் உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊற வைக்கவேண்டும். பிறகு மென்மையான தூரிகையால் தோலை அடுக்கடுக்காகத் தேய்த்து நீக்கி, உள்ளே இருப்பதைக் கண்ணால் காணவேண்டும். நூலறிவும் நேரில் கண்ட அறிவும் சேரும்போதுதான் அறிவு வளரும் என்பது அந்நூலின் கருத்து. இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் விவாதத்திற்கு அன்றே ஒரு விடை எழுதி வைத்ததைப்போல் இருக்கிறதல்லவா?

மேற்கு நாடுகளில் நடந்த கதை வேறு. உரோமப் பேரரசில் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர் பெரும் அறிஞர். ஆனால், மனித உடலை அறுக்க அக்காலத்தில் இடமில்லை. ஆகவே, அவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, மனிதனுக்கும் இவ்வாறே இருக்கும் என்று எழுதி வைத்தார். அவர் எழுதியது 1300 ஆண்டுகளுக்கு மேல் அசைக்க முடியாத வேதமாக விளங்கியது.

இடைக்காலத்தில், இத்தாலி நாட்டின் பொலோனா நகரில் மொண்டினோ என்பவர் 1315-இல் மனித உடலை அறுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே அதற்கென ஒரு பாடநூலும் எழுதினார். அதன்பின் வந்த வகுப்புகள் எப்படி நடந்தன என்பதைப் பழைய ஓவியங்கள் காட்டுகின்றன. பேராசிரியர் உயரமான நாற்காலியில் அமர்ந்து கேலனின் கருத்துகளைப் படிப்பார். கீழே மேசையில் கிடக்கும் உடலை வேறொருவர் அறுப்பார். மூன்றாமவர் ஒரு கோலால் சுட்டிக் காட்டுவார். மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். படிப்பவர் தொடுவதில்லை, தொடுபவர் படித்தவரில்லை. மேசையில் ஒன்று இருக்கும், நூலில் வேறொன்று இருக்கும். ஆனாலும் நூல் சொல்வதே சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்தவர்தாம் வெசாலியுஸ். 1514-இல் பிரசல்ஸ் நகரில் பிறந்த இவர், 1537-இல் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். கத்தியைத் தம் கையில் எடுத்தார். தாமே அறுத்தார், தாமே காட்டினார், தாமே விளக்கினார். கேலனின் நூலில் இருநூறுக்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டார்.

நேயர்களே, அவற்றுள் ஒன்றை நீங்கள் இருந்த இடத்திலேயே சோதிக்கலாம். உங்கள் கீழ்த்தாடையைக் காதருகே தொடங்கி, முகவாய் வழியாக மறுகாது வரை தடவிப் பாருங்கள். நடுவில் மூட்டு ஏதும் தென்படுகிறதா? இல்லை. வளர்ந்த மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு. கேலனோ இரண்டு எலும்புகள் என்று எழுதியிருந்தார். விலங்குகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் தம் தாடையையே தடவிப் பார்க்காமல் எத்தனை பேர் அந்த வரியை மனப்பாடம் செய்திருப்பார்கள்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது வீண்போகவில்லை.

ஆனால் இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வெசாலியுஸ் ஏட்டை வெறுத்தவர் அல்லர். 1543-இல், தமது 28-ஆம் வயதில், மனித உடலின் அமைப்பைப் பற்றி ஏராளமான படங்களுடன் மாபெரும் நூல் ஒன்றை வெளியிட்டார். பாதுவாவுக்கு வர முடியாத மாணவன், தொலைவில் இருந்தபடியே அந்தப் படங்களைப் பார்த்துக் கற்றான். எண்ணிப் பார்த்தால், அதுவும் ஒருவகைத் தொலைதூரக் கல்விதான். ஆகவே, படத்துக்கும் உடலுக்கும் பகை இருந்ததில்லை. உடலைப் பார்க்காமல் எழுதிய நூல்தான் வழிதவற வைத்தது. உடலைப் பார்த்து வரைந்த படம் வழிகாட்டியது.

சரி, கற்பதற்கு உடல்கள் எங்கிருந்து வந்தன? இந்த வரலாற்றில் நம் மனத்தை உறுத்தும் பகுதி இது.

வெசாலியுஸ் காலத்தில் தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடல்கள் கொடுக்கப்பட்டன. மருத்துவப் பள்ளிகள் பெருகியபோது அவை போதவில்லை. பிரிட்டனில் கல்லறைகளைத் தோண்டி உடல்களைத் திருடி விற்கும் கூட்டம் கிளம்பியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர், திருடுவதற்குப் பதிலாகக் கொலை செய்யவே தொடங்கிவிட்டார்கள். நாதியற்ற ஏழைகள், வழிப்போக்கர்கள் என 16 பேரைக் கொன்று, ஓர் உடற்கூற்றியல் ஆசிரியரிடம் விற்றார்கள். பர்க் 1829-இல் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இதன் பிறகு 1832-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உடற்கூற்றியல் சட்டம் ஒன்றை இயற்றியது. கல்லறைத் திருட்டு ஒழிந்தது. ஆனால், ஏழைகளின் விடுதிகளில் இறந்து, உரிமை கோர ஆளில்லாதவர்களின் உடல்களை மருத்துவப் பள்ளிகள் எடுத்துக்கொள்ள அச்சட்டம் வழி செய்தது. முன்பு கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது, பின்பு ஏழ்மைக்குத் தண்டனையாக ஆயிற்று என்று அன்றைய ஏழை மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே.

நம் மூதாதையர் நாட்டிலும் இதன் சுவடு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835-இல் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதே ஆண்டில் தோன்றியது. 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்பவர், இறந்த உடலைத் தொட்டால் தீட்டு என்ற சமூகத் தடையை மீறி, உடலை அறுத்துப் பாடம் கற்பித்தார். அது துணிச்சலான செயல். ஆனால் பிற்காலத்தில் அதே கல்கத்தா, மனித எலும்புக்கூடுகளை வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏற்றுமதி செய்யும் இடமாகவும் மாறியது. 1985-இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அதுவரை, உலகின் எத்தனையோ மாணவர்கள் கையில் பிடித்துப் படித்த எலும்புகள், பெயர் தெரியாத இந்திய ஏழைகளுடையவை. அவர்களை யாரும் சம்மதம் கேட்டதில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இங்கே மருத்துவக் கல்வி மக்கள் கேட்டு வாங்கியது. 1904-இல் தான் ஜியாக் கிம் என்ற சிங்கப்பூர் வணிகரின் தலைமையில், உள்நாட்டிலேயே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். பொதுமக்களிடமிருந்து 87,077 வெள்ளி திரண்டது. அதில் 12,000 வெள்ளி தான் ஜியாக் கிம் கொடுத்தது. 1905-இல், பழைய மனநோய் விடுதிக் கட்டடம் ஒன்றில், 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. அதுவே பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. கோலாலம்பூரில் 1963-இல் உருவான மருத்துவப் புலத்திற்கு முதல் தலைவராக விளங்கியவர் டாக்டர் தனராஜ். அவர் அந்தச் சிங்கப்பூர்க் கல்லூரியில் பயின்றவர். அவரைப் போன்றோர் உருவாக்கிய மருத்துவர்களின் கைகள்தாம் நம் பெற்றோரின் நாடியைப் பிடித்துப் பார்த்தன.

இப்போது திரைக்கு வருவோம். கணினிவழி உடற்கூற்றியல் கொரோனா காலத்தில் திடீரென்று முளைத்தது அன்று. 1994-இல் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் ஓர் ஆணின் முழு உடலையும் படங்களாக வெளியிட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் 1993-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதி, தம் உடலை அறிவியலுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவ்வுடலை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒன்றாக, 1,871 அடுக்குகளாகப் படம் பிடித்தார்கள். 1995-இல் ஒரு பெண்ணின் உடலும் இவ்வாறே பதிவாயிற்று. இன்று கணினியில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கும் உடல்படங்கள் பலவற்றுக்கு அவ்விருவரே மூலம். ஆகவே, திரையில் தெரிவது வெறும் படம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார்.

2002-இல் இங்கிலாந்தில் முதல் மாணவர்களைச் சேர்த்த பெனின்சுலா மருத்துவப் பள்ளி, இறந்த உடலே இல்லாமல் பாடம் நடத்தியது. ஊடுகதிர்ப் படங்களையும் உயிருள்ள மனிதர்களின் உடலையும் கொண்டு கற்பித்தது. உடலை அறுத்துக் கற்பதையும் வேறு முறைகளில் கற்பதையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குறுகிய காலத்தில் அளக்கக்கூடிய பாட அறிவில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று அது கூறியது. இதை மறைக்கக் கூடாது. பெயர்களைக் கற்கவும், இடங்களை நினைவில் வைக்கவும், தேர்வு எழுதவும் படமும் திரையும் நன்றாகவே உதவுகின்றன.

அப்படியானால் குறை எங்கே? அதைச் சொல்ல என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதியுங்கள்.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் நானும் உடன் சென்று மங்கு துடைப்பேன். ஒருநாள் உளியை என் கையில் கொடுத்தார். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் சரியாக வராது. மிஞ்சினால் மரத்தில் காயம் படும். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். "எவ்வளவு ஆழம்மா?" என்று கேட்டேன். "வாயால சொல்ல முடியாது, கை சொல்லும்" என்றார். என் கையைத் தம் கைக்குள் வைத்து ஒரு கோடு இழுத்தார். பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறைகளைப் பற்றி எத்தனையோ படித்தேன். அந்த ஒரு கோட்டுக்கு ஈடான பாடம் எதிலும் இல்லை.

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரலில் சிங்கப்பூரும் முடங்கியது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்ற பெண் ஒருத்தி, அப்போது மருத்துவத்தில் முதலாண்டு மாணவி. செம்பனைத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கைப்பேசியில்தான் வகுப்பு. இணைய இணைப்பு வீட்டு வாசலில் மட்டுமே கிடைத்தது. அங்கேயே பலகை போட்டு அமர்ந்து படித்தாள். தம்பியின் கையைப் பிடித்துவைத்து, பேனாவால் தசைகளை வரைந்து மனத்தில் பதிய வைத்துக்கொண்டாள். ஒரு பாடத்தைப் பத்துமுறை போட்டுப் பார்த்தாள். அது நேர்வகுப்பில் கிடைக்காத வசதி.

பின்னர், கல்லூரி திறந்து, உடலருகே நின்று பயின்று வந்த பிறகு என்னைப் பார்க்க வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"டீச்சர், படத்துல இரத்தக் குழாய் சிவப்பும் நீலமுமா இருக்கும், நரம்பு மஞ்சளா இருக்கும். அங்க பார்த்தா எல்லாமே ஒரே நிறம். எது எதுன்னு விரலால உருட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். ரெண்டும் வேணும் டீச்சர். படத்தைப் பார்க்காம போயிருந்தா, அங்க ஒண்ணும் புரிஞ்சிருக்காது. படத்தோட நின்னிருந்தா, எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."

நேயர்களே, அவள் சொன்ன கடைசி வார்த்தையை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். தெரியாததைத் தெரியும் என்று நினைப்பதுதான் மருத்துவருக்கு ஆபத்து. திரையில் இருப்பது ஒரே உடல். எல்லாருக்கும் அது பொதுவான உடல். ஆனால் மருத்துவரிடம் வரும் உடல்கள் ஒவ்வொன்றும் வேறு.

இதற்கும் ஒரு சோதனை செய்வோம். வலக்கையின் பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து அழுத்துங்கள். மணிக்கட்டைச் சற்று உள்பக்கமாக மடியுங்கள். மணிக்கட்டின் நடுவே நாண்போல ஒன்று புடைத்து நிற்கிறதா? இப்போது வீட்டில் உள்ள மற்றவர்களின் கையையும் பாருங்கள். சிலருக்கு அது இருக்காது. நூற்றில் பதினைந்து பேருக்கு, ஒரு கையிலோ இரு கைகளிலோ அந்தத் தசை இல்லை என்று பாடநூல்கள் கூறும்; அந்தக் கணக்கும் இனத்துக்கு இனம் மாறும். இல்லாவிட்டாலும் கையின் வலிமைக்குக் குறைவில்லை, பயப்பட வேண்டாம். வேறிடத்தில் அறுந்த நாணைச் சரிசெய்ய, அறுவை மருத்துவர் இந்த நாணை எடுத்துப் பயன்படுத்துவதுண்டு. ஒரே குடும்பத்துக் கைகளிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், உடலுக்குள் எத்தனை இருக்கும்! பல உடல்களைக் கண்ட கைதான் அதற்கு ஆயத்தமாகும்.

ஆக, ஒப்பிட்டுப் பார்த்தால் இப்படிச் சொல்லலாம். திரை கண்ணுக்கு வழிகாட்டுகிறது. மீண்டும் மீண்டும் காட்டுகிறது. துடிக்கும் இதயத்தைக் காட்டுகிறது. தொலைவில் இருப்பவருக்கும் எட்டுகிறது. ஆனால் கருவியும் இணையமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் எட்டாக் கனிதான். நேரடிப் பயிற்சி கைக்கு அறிவு தருகிறது, வேறுபாட்டைக் காட்டுகிறது, நாலுபேர் சேர்ந்து ஒரு மேசையருகே பொறுப்போடு வேலை செய்யப் பழக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஒரு மனிதர் என்ற பணிவைக் கற்றுத் தருகிறது.

அந்தப் பணிவு இன்று முறையாகவே கற்பிக்கப்படுகிறது. தைவான் நாட்டில் தோன்றிய மௌன ஆசான் என்னும் திட்டத்தை, மலாயாப் பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கியது. இதில் உடல்கள் பறிக்கப்படுவதில்லை. உயிரோடு இருக்கும்போதே தாமாக மனமுவந்து எழுதிக் கொடுக்கிறார்கள். மாணவர்கள் அவர்களுடைய குடும்பத்தைச் சந்திக்கிறார்கள். அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று கேட்டறிகிறார்கள். பயிற்சி முடிந்ததும் உடலைத் தைத்து, உடுத்தி, மரியாதையோடு வழியனுப்புகிறார்கள். பேச்சில்லாமல் பாடம் சொல்வதால் அவரை ஆசான் என்று அழைக்கிறார்கள்.

கொலைக்களத்திலிருந்து ஏழை விடுதிக்கு, அங்கிருந்து கொடையாளரின் இல்லத்துக்கு என்று இந்த வரலாறு நடந்து வந்திருக்கிறது. அறிவு வளர்ந்ததைக் காட்டிலும் இது பெரிய வளர்ச்சி என்றே நான் கருதுகிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையும் ஒருநாள் மருத்துவம் படிக்கப் போகலாம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். உடற்கூற்றியலை எப்படிக் கற்பிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் திரையில், எத்தனை மணி நேரம் நேரில் என்றும் தயங்காமல் கேளுங்கள். படித்தவர்கள் கேட்கவேண்டிய கேள்வி என்று ஒதுங்க வேண்டாம். கை எப்படிக் கற்கிறது என்பது, உளி பிடித்தவர்களுக்கும் குலை வெட்டியவர்களுக்கும் தெரியாததா?

அடுத்தமுறை ஒரு மருத்துவரின் விரல் உங்கள் பிள்ளையின் வயிற்றில் சரியான இடத்தில் நிற்கும்போது, மருத்துவருக்கு நன்றி சொல்லுங்கள். அந்த விரலுக்குப் பாடம் சொன்னவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்குப் பெயர் இல்லை, கல்லறையும் இல்லை.